டிரைவ்வே வாயில் நிற்கும் பனி வரம்பு: வீட்டுக்கு ஸ்னோ புளோவர் தேர்வதும் பராமரிப்பதும்

ரொறன்ரோவில் ஒரு பருவத்துக்கு விழும் பனி ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டும். மொன்றியலில் இரண்டு மீற்றர். "எங்கட பக்கம் அவ்வளவு கொட்டாது, சின்ன மெஷின் போதும்" என்று இந்தக் கணக்கை வைத்துத்தான் பலர் ஸ்னோ புளோவர், அதாவது பனியை அள்ளி எறியும் மெஷின், வாங்கக் கடைக்குப் போகிறார்கள். உண்மையில் மெஷினின் அளவைத் தீர்மானிப்பது, சிட்டி பிளவ், அதாவது மாநகரசபையின் பனி வழிக்கும் லொறி, தெருவை வழித்துக்கொண்டு போகும்போது டிரைவ்வே வாயில் குறுக்கே விட்டுவிட்டுப் போகும் வரம்புதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு கார் அகலமான டிரைவ்வே, 6 மீற்றர் அகலம், 9 மீற்றர் நீளம். 20 சென்ரிமீற்றர் புதுப்பனி விழுந்தால் ஏறக்குறைய 11 கன மீற்றர். புதுப்பனி லேசானது, கன மீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் மொத்தம் 1100 கிலோ. இனி வரம்புக்கு வாருங்கள். அதே 6 மீற்றர் அகலத்துக்கு, 80 சென்ரிமீற்றர் தடிப்பு, 40 சென்ரிமீற்றர் உயரம். இரண்டு கன மீற்றர்கூட வராது. ஆனால் அது பிளவ் நசுக்கித் தள்ளிய பனி. உப்புத் தண்ணீர் ஊறி, ஐஸ் கட்டிகள் கலந்து, கன மீற்றருக்கு 400 கிலோ வரை கனக்கும். அந்த ஒடுங்கிய கீற்று மட்டும் 750 கிலோவுக்கு மேல். இரண்டு மணி நேரம் விட்டால் சீமெந்து போல இறுகிவிடும். ரொறன்ரோ மாநகரசபை, இடவசதி உள்ள தெருக்களில் இந்த வரம்பை ஓரளவு திறந்துவிடுகிறது. ஆனால் எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை. அங்கெல்லாம் அது வீட்டுக்காரர் வேலை. அதை அள்ளித் தெருவில் போடுவதும் சட்டப்படி குற்றம். ஆகவே உங்கள் ஊரில் வரம்பை யார் எடுக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

வரம்பு உங்கள் தலையில் விழாது, ஒரு கார் நிற்கும் ரவுன்ஹவுஸ் டிரைவ்வேதான் என்றால் சிங்கிள் ஸ்டேஜ் மெஷின் தாராளமாகப் போதும். இதில் ஒரே உருளை. அதிலுள்ள றப்பர்த் துடுப்புகள் நிலத்தைத் தொட்டுச் சுழன்று, பனியை அள்ளி அதே வீச்சில் மேலே எறிந்துவிடும். அகலம் 18 முதல் 22 அங்குலம், எடை 40 கிலோ அளவு. றப்பர் நிலத்தைத் தொடுவதால் தார் தெரியும்வரை வழிக்கும். அதே காரணத்தால் சரளைக்கல் போட்ட பாதைக்கு ஆகாது. கல்லை அள்ளி எறியும், அடுத்த வீட்டு ஜன்னல் போகும். 20 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பனியிலும் இறுகிய வரம்பிலும் இது மேலே ஏறித் துள்ளும், அள்ளாது. துடுப்புகளும் தேயும் சாமான்தான். சில மொடல்களில் தேய்வைக் காட்ட றப்பரில் ஒரு சிறு துளை இருக்கும். தேய்ந்து தேய்ந்து அந்தத் துளை வெளியே திறந்துவிட்டால் மாற்றவேண்டும். துடுப்பு தேய்ந்த மெஷின் இழுக்காது, எறியாது. எஞ்சினில் பிழை என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் நிறைய.

வரம்பு உங்கள் வேலை என்றால் ரூ ஸ்டேஜ், அதாவது இரண்டு கட்ட மெஷின். முன்னால் இரும்புப் பற்களோடு மெதுவாகச் சுழலும் ஓகர் பனியை அரைத்து நடுவுக்குக் கொண்டுவரும். பின்னால் வேகமாகச் சுழலும் இம்பெல்லர் அதைக் குழாய் வழியே வீசும். அள்ளுவதையும் வீசுவதையும் இப்படித் தனித்தனி உறுப்புகளுக்குப் பிரித்துக்கொடுப்பது பழைய யோசனை. கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் 1925இல் செய்த லொறி அளவு மெஷினிலேயே அது இருந்தது. 1927இல் மொன்றியல் தீவிலுள்ள ஊட்ரமோன் நகரம் முதலாவதை வாங்கியது. வீட்டு மெஷினில் சில்லுகளும் எஞ்சின் பலத்தில் உருளும், ஓகர் நிலத்தைத் தொடாது. சரளைக்கும் இதுதான் சரி.

அகலத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். பனியை அள்ளும் முன்பக்க வாய் 24 அங்குலமும் எஞ்சின் 210 முதல் 250 சிசியும் என்றால் நல்ல பொருத்தம். அதே எஞ்சினை 28 அங்குலத்தில் பூட்டி விலையைக் கூட்டி விற்பார்கள். வரம்பில் அது மூச்சுத் திணறும். 28 வேண்டுமென்றால் எஞ்சினும் 250 சிசிக்கு மேல் இருக்கட்டும். கார் நிற்கும்போது கராஜில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதையும் அளந்துகொண்டு போங்கள். கைபிடியோடு சேர்த்து ஒன்றரை மீற்றர் நீளம் வரும்.

கடையில் நின்று பார்க்கவேண்டியவை விளம்பர அட்டையில் பெரும்பாலும் இருக்காது. குனிந்து ஓகரின் நடுவிலுள்ள கியர்பெட்டியைப் பாருங்கள். வார்ப்பிரும்புப் பெட்டி அலுமினியத்தைவிட அடியைத் தாங்கும். இம்பெல்லரின் விட்டத்தைக் கேளுங்கள். 12 அங்குலம் பரவாயில்லை, 14 என்றால் ஈரப்பனியைத் தூரமாக எறியும். பனி வெளியேறும் குழாய் இரும்பா பிளாஸ்ரிக்கா என்று தட்டிப் பாருங்கள். கைபிடியின் கீழ் விசை வைத்து ஒரு பக்கச் சில்லை விடுவிக்கும் வசதி, அல்லது தானாகத் திரும்பும் அமைப்பு, கட்டாயம் இருக்கவேண்டும். 90, 100 கிலோ மெஷினை ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் தோளால் திருப்பினால் முதுகு போய்விடும். மின்சார ஸ்ராட்டரும் வேண்டும். மைனஸ் 20இல் கயிறு இழுப்பது வயதானவர்களால் முடியாது. சூடான கைபிடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கையுறை போதும். முன்விளக்குக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்கவேண்டாம். த்ரீ ஸ்டேஜ் என்று வருபவை வரம்பை வேகமாகத் தின்னும். ஆனால் உறுப்புகள் கூட, பழுதும் கூட. ரொறன்ரோ சுற்றுவட்டாரத்துக்கு அது தேவையில்லை. எந்தப் பிராண்ட் என்பதைவிட, அதன் பெல்ற்றும், எதுவும் சிக்கினால் தான் உடைந்து கியரைக் காப்பாற்றும் ஷியர் பின்னும் உங்கள் ஊரில் சனிக்கிழமை காலையில் வாங்கக் கிடைக்குமா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

இப்படித் தேர்ந்து வாங்கிய மெஷினைக் கொல்வது பெரும்பாலும் பனி இல்லை, பழைய பெற்றோல். ஒன்ராறியோவில் கிடைக்கும் சாதாரண 87 ஒக்டேன் பெற்றோலில் பத்து சதவீத அளவில் எதனோல் கலந்திருக்கிறது. எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கூடினால் தண்ணீரும் எதனோலும் சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் கிண்ணத்தில் அது தங்கி வெள்ளைத் தூளாகவும் பச்சைப் படிவாகவும் மாறும். பெற்றோலே ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் பிசினாகத் தொடங்கும். இத்தனைக்கும் பெற்றோல் பாயும் காபரேற்றரின் பிரதான ஜெற்றிலுள்ள துளை ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. ஏப்ரலில் அப்படியே தள்ளிவைத்த மெஷின் டிசம்பரில் ஸ்ராட் ஆகாததற்குப் பத்துக்கு ஒன்பது தடவை காரணம் இதுதான்.

ஆகவே 20 லீற்றர் கலனில் வாங்கி வைக்காதீர்கள். 5 லீற்றர் போதும். வாங்கிய அன்றே பெற்றோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றுங்கள். பொதுவான அளவு 10 லீற்றருக்கு ஏறக்குறைய 30 மில்லிலீற்றர். போத்தலில் எழுதியிருப்பதே இறுதி. எதனோல் இல்லாத பெற்றோல் உங்கள் பகுதியில் கிடைத்தால் கூட விலை கொடுத்தாலும் தகும். ஒவ்வொரு பனிக்குப் பிறகும் பெற்றோல் வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஒரு சில நிமிட வேலை, கிண்ணம் காலியாகிவிடும்.

அதையும் மீறி அடைத்துக்கொண்டால் குணங்குறி இப்படித் தெரியும்: எஞ்சின் சீராக ஓடாமல் ஏறி இறங்கி இரையும், காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி மூடினால் சரியாகும். பெற்றோல் குறைவாகவும் காற்று கூடுதலாகவும் போகிறது என்று அர்த்தம். கடைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. எஞ்சின் ஆறியபின், கராஜுக்கு வெளியே, வால்வை மூடி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, காபரேற்றரை மறைக்கும் உறையைக் கழற்றுங்கள். கிண்ணத்தின் அடியில் ஒரே ஒரு போல்ற் இருக்கும். பல எஞ்சின்களில் 10 மில்லிமீற்றர், சில பழைய அமெரிக்க எஞ்சின்களில் அரை அங்குலம். கீழே ஒரு தகரப் பேணியைப் பிடித்துக்கொண்டு கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். அதில் தண்ணீர் மணிகள் உருள்கின்றனவா, தூள் இருக்கிறதா பாருங்கள். நடுத்தண்டின் உள்ளே பித்தளை ஜெற் இருக்கும், தட்டைத் திருப்புளியால் கழற்றலாம். சில மொடல்களில் அந்தப் போல்ற்றே ஜெற். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரியவேண்டும். நசுங்கிய பிறை போலத் தெரிந்தால் அடைப்பு. காபரேற்றர் கிளீனர் அடித்து, பழைய மின்வயரிலிருந்து உரித்த ஒற்றைச் செம்பு இழையை நுழைத்து எடுங்கள். உருக்குக் கம்பியும் துளைக்கருவியும் வேண்டாம், துளை பெருத்தால் ஜெற் போச்சு. ஜெற்றுக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டில் சிறு துளைகள் போட்ட ஒரு குழல் விழும். அந்தத் துளைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். கிண்ணத்தின் றப்பர் வளையத்தில் கிளீனர் படக்கூடாது, ஊதிப்போய்த் திரும்ப உட்காராது. எல்லாம் பூட்டி வால்வைத் திறந்து, ஒழுக்கு உண்டா என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஸ்ராட் பண்ணுங்கள்.

இதோடு குழம்பும் இன்னொரு குறை உண்டு. நன்றாக ஸ்ராட் ஆகி, சில நிமிடத்தில் தானாக அணைந்து, சற்றுப் பொறுத்தால் மறுபடி ஓடும். ராங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை ஐஸால் அடைபட்டிருக்கலாம். மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். ஓடினால் காபரேற்றரில் கைவைக்கவேண்டாம். ஒயில் மட்டம் தானாக உயர்ந்து பெற்றோல் மணம் வந்தால் காபரேற்றரின் மிதவை ஊசி கசிகிறது. அந்த ஒயிலோடு ஓட்டினால் எஞ்சின் போய்விடும், மாற்றிவிட்டுத்தான் தொடவேண்டும்.

ஒயில் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 5டபிள்யூ-30 சிந்தெற்றிக். 210 சிசி அளவு எஞ்சின்கள் பலவற்றுக்கு 0.6 லீற்றர், பெரியவற்றுக்கு ஒரு லீற்றர் வரை. புது மெஷினில் முதல் ஒயிலைச் சீக்கிரம் மாற்றவேண்டும். 5 மணி நேரம் ஓடியதும் மாற்றச் சொல்லும் மொடல்கள் உண்டு, கைநூலைப் பாருங்கள். அதன்பின் வருடத்துக்கு ஒரு தடவை. பிளக் இடைவெளி பெரும்பாலானவற்றுக்கு 0.76 மில்லிமீற்றர். பெரும்பாலான ஸ்னோ புளோவர்களில் காற்று வடிகட்டி கிடையாது, பனித்தூள் அடைத்துக்கொள்ளும் என்பதால் வைப்பதில்லை. காணவில்லை என்று தேடவேண்டாம்.

ஷியர் பின் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். ஓகரின் இரு பக்கங்களையும் அச்சோடு பிணைத்திருப்பவை இந்த மென்மையான பின்கள். பனிக்குள் உறைந்துகிடக்கும் பத்திரிகைக் கட்டு, கதவு மிதியடி, கிறிஸ்மஸ் விளக்கு வயர், ஐஸ் பாறை எது சிக்கினாலும் பின் உடைந்து கியர்பெட்டியைக் காப்பாற்றும். இம்பெல்லர் சுழல்கிறது, ஓகரில் ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது என்றால் அந்தப் பக்கத்துப் பின் போய்விட்டது. அவசரத்துக்குக் கையில் கிடைத்த உருக்குப் போல்ற்றைப் பூட்டுவதுதான் நடக்கும் பெரிய அநியாயம். அடுத்த தடவை போல்ற் உடையாது, கியர் உடையும். அதை மாற்றும் செலவு பல சமயம் மெஷினின் மிச்ச மதிப்பைவிடக் கூட. சரியான பின் நாலைந்தை மெஷினிலேயே ஒரு பையில் கட்டிவையுங்கள்.

ஆனால் சரியான பின் இருந்தும் கியர் போகும் வழி ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஓகர் குழாய் அச்சின்மேல் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், பின் உடைந்தாலும் ஓகர் விடுபடாது. ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு பின்களையும் கழற்றி, ஓகரைக் கையால் சுழற்றிப் பாருங்கள். அச்சோடு சேராமல் அது மட்டும் சுழலவேண்டும். கிறீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால் பம்பால் கிறீஸ் ஏற்றி, நன்றாகச் சுழற்றிவிட்டுப் பின்னைத் திரும்பப் பூட்டுங்கள். இதே துரு சில்லு அச்சிலும் பிடிக்கும். சில்லுகளையும் கழற்றி அச்சுக்குக் கிறீஸ் பூசுங்கள். மூன்று வருடம் விட்டால் சம்மட்டியாலும் கழறாது.

உயரச் சரிபார்ப்பு எளிது. பக்கத்திலுள்ள ஸ்கிட் ஷூக்கள்தான் வாயைத் தாங்குகின்றன. சமமான தரையில் நிறுத்தி, வாயின் அடியில் தரையை வழிக்கும் பட்டையான ஸ்கிரேப்பர் பாரின் கீழ் இரு முனையிலும் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள மரத்துண்டு வைத்து, ஷூக்களின் நட்டுகளைத் தளர்த்துங்கள். ஷூ தரையில் இறங்கி உட்கார்ந்ததும் இறுக்குங்கள். இது தார் டிரைவ்வேக்கு. சரளைக்கு 25 முதல் 30 மில்லிமீற்றர் வேண்டும். இன்டர்லொக் கல்லில் இரும்பு ஷூ துருக்கோடு இழுக்கும், பிளாஸ்ரிக் ஷூ வாங்கிப் பூட்டலாம். ஸ்கிரேப்பர் பாரையும் கவனியுங்கள். அது தேய்ந்துபோனபின் ஓட்டினால் வாயின் அடித்தகடே தேயும், அதற்கு மாற்று இல்லை. ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் முதலில் ரயர்க் காற்று: பக்கச்சுவரில் எழுதிய பி.எஸ்.ஐ. அளவில், இரு பக்கமும் ஒன்றுபோல.

மெஷின் ஓகரைச் சுழற்றுகிறது, ஆனால் முன்னே போகவில்லை என்றால் பிரிக்சன் வீல். அலுமினியத் தட்டின்மேல் அழுத்திச் சுழலும் றப்பர் விளிம்புச் சில்லு அது. றப்பர் தேய்ந்தாலோ அதில் ஒரு துளி கிறீஸ் பட்டாலோ வழுக்கும். பக்கத்து அச்சுக்குக் கிறீஸ் பூசும்போது விரலில் தொட்டுப் பூசுங்கள், ஸ்பிரே அடிக்காதீர்கள். ஓட்டும்போது கியரை மாற்றுவதற்கு முன் டிரைவ் விசையை விடவேண்டும். விடாமல் மாற்றினால் றப்பர் சிதையும். பனி தூரமாகப் போகாமல் பக்கத்திலேயே விழுந்தால் ஓகர் பெல்ற் தளர்ந்திருக்கும். புதுப் பெல்ற் முதல் சில மணி நேரத்தில் நீளும், கேபிளைச் சற்று இறுக்கினால் போதும். மாற்றும்போது கம்பனிப் பெல்ற்றே வாங்குங்கள். கார்ச் சாமான் கடையில் கிடைக்கும் அதே நீளப் பெல்ற் இந்த இழுவையைத் தாங்காது.

ஈரப்பனி வேறு ரகம். பூச்சியத்தை ஒட்டிய நாட்களில் குழாய் அடைத்துக்கொண்டே இருக்கும். எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, சில்லை மெதுவான கியரில் ஓட்டி, வாயின் பாதி அகலத்துக்கு மட்டும் பனியைக் கொடுங்கள். வேகத்தைக் குறைத்தால் அடைப்பு கூடும். குழாயிலும் வாயிலும் சிலிக்கோன் ஸ்பிரே அடித்துவிட்டால் ஒட்டாது. சூடான கராஜில் நிற்கும் மெஷின் என்றால் கால் மணி நேரம் முன்னதாக வெளியே விடுங்கள். சூடான தகட்டில் விழும் பனி உருகி, பிறகு ஐஸாகப் பிடிக்கும். இம்பெல்லர் இறக்கைக்கும் உறைக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி இருந்தால், இறக்கை நுனியில் தடித்த றப்பர்ப் பட்டை பூட்டி அதை மூடலாம். ஈரப்பனியில் பழைய மெஷின் புதிது போல எறியும்.

குழாய் அடைத்தால் கை வைக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை இழுத்து, எல்லாம் நின்றபின்னும் கை வைக்காதீர்கள். சிக்கி நிற்கும் இம்பெல்லரில் பெல்ற்றின் இழுவை மிச்சமிருக்கும். அடைப்பு விடுபட்ட கணத்தில் அது கால் சுற்றுச் சுழலும், விரல்கள் போவதற்கு அது போதும். மெஷினில் பூட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தடி அதற்குத்தான். கராஜுக்குள் ஒரு நிமிடம்கூட ஓடவிடாதீர்கள், கதவு திறந்திருந்தாலும். காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் புகும். சூடான எஞ்சினில் பெற்றோல் ஊற்றவேண்டாம்.

வரம்பை உடைக்கும்போது முழு வாயைக் கொடுத்து மோதவேண்டாம். முதலாம் கியர், பாதி அகலம். உயரம் கூடினால் கைபிடியை அழுத்தி வாயைத் தூக்கி மேல்பாதியை எடுத்துவிட்டு, பின்வாங்கி அடிப்பாதிக்கு வாருங்கள். பிளவ் இரண்டாம் தடவையும் வரும். ஆனால் முதல் வரம்பை இறுகவிட்டால் இரண்டாவது அதன்மேல் ஏறி நிற்கும். பிறகு எந்த மெஷினும் திணறும். வேலை முடிந்ததும் ஓகரை ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, உள்ளே ஒட்டிய பனியைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் இம்பெல்லர் உறைந்து நிற்கும், விசையை அழுத்தியதும் பெல்ற் புகையும்.

ஏப்ரல் கடைசியில் ராங்கைக் காலியாக்கி, கிண்ணத்தையும் வடித்து, ஒயிலை அப்போதே மாற்றுங்கள். கறுத்த ஒயில் கோடை முழுவதும் எஞ்சினுக்குள் நிற்கக்கூடாது. பழுதுபார்க்கக் கொடுப்பதென்றால் ஜூலையில் கொடுங்கள். நவம்பரில் கொடுத்தால் முதல் பனிக்கு மெஷின் கடையில்தான் நிற்கும்.

பழைய மெஷின் வாங்கவும் வசந்தகாலம்தான் நேரம். வருகிறேன் என்று சொல்லும்போதே, ஸ்ராட் பண்ணி வைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கவேண்டும். சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஷியர் பின்னைக் கழற்றி ஓகர் தனியாகச் சுழல்கிறதா, கியர்பெட்டியின் இரு பக்கமும் ஒயில் ஈரம் இருக்கிறதா, இம்பெல்லரைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் உண்டா என்று பாருங்கள். பின்னின் இடத்தில் பளபளக்கும் உருக்குப் போல்ற் இருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.